பவளத்துக்குள் வாழும் பாக்டீரியா: "அகவாழ்" பொருந்துமா?

நண்பர்களே,

பவளத்தின் திசுவுக்குள் வாழும் பாக்டீரியாக்களுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் பேச்சில் முன்வைக்கப்பட்ட "பவள ஒட்டுயிரி" எனக்கு உடன்பாடில்லை. 'ஒட்டு' என்றதும் ஒட்டுண்ணிதான் நினைவுக்கு வரும். இடமும் தவறிவிடுகிறது. பவளத்தின் மேலுள்ள சளிப்படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள் வேறு; நாம் பெயர் தேடுவது திசுவுக்குள்ளேயே குடியிருப்பவற்றுக்கு.

எண்டோசோயிகோமோனாஸ் என்ற பாக்டீரியாப் பேரினத்தைப் பாருங்கள். 2007இல் ஓடில்லாத ஒரு கடல் நத்தையிலிருந்து பிரித்தெடுத்து விவரித்தார்கள். பிறகு பல பவள இனங்களில் ஏராளமாகக் கிடைத்தது. ஸ்டைலோஃபோரா பவளத்தின் திசுவை மெல்லிய சீவலாக வெட்டி, ஒளிரும் குறியிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், இவை அங்கங்கே சிதறிக் கிடப்பதில்லை. திசுவுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு திரள்திரளாக இருக்கின்றன. ஒட்டியிருப்பதாக இதை எப்படிச் சொல்வது?

"பவள நுண்ணுயிரி" ரொம்பவும் அகலம். பூஞ்சை, ஆர்க்கியா (பாக்டீரியா போலத் தோன்றும் வேறொரு ஒற்றைச்செல் உயிர் வகை) எல்லாம் அதில் அடங்கிவிடும். முக்கியமாக, ஒளிச்சேர்க்கை செய்து பவளத்துக்கு உணவளிக்கும் ஒற்றைச்செல் பாசியும் நுண்ணுயிரிதான். பவளம் வெளிறுவது அந்தப் பாசியை இழப்பதால். பாசியையும் பாக்டீரியாவையும் மாணவர்கள் ஏற்கெனவே குழப்பிக்கொள்கிறார்கள், நம் சொல் அதைக் கூட்டக்கூடாது.

"உள்ளுறை பாக்டீரியா" அழகான சொல், ஆனால் இயற்பியலில் 'உள்ளுறை வெப்பம்' நிலைத்துவிட்டது. வெளிப்படாமல் மறைந்து கிடப்பது என்ற பொருள் கூடவே வந்துவிடும். இவையோ சும்மா கிடப்பவை அல்ல. எண்டோசோயிகோமோனாஸ் அக்ரோபோரே என்ற இனம், பாசி உண்டாக்கும் ஒரு கந்தகச் சேர்மத்தைச் சிதைத்துப் பயன்படுத்துகிறது.

அதனால் என் பரிந்துரை "அகவாழ் பாக்டீரியா". 'கூட்டுயிரி' என்று சேர்க்கலாமே என்பீர்கள். நம் பாடநூல்களில் அந்தச் சொல் இரு தரப்புக்கும் நன்மை என்ற பொருளிலேயே வருகிறது. பாசியின் விஷயத்தில் அந்த நன்மை தெளிவு. பாக்டீரியாவால் பவளத்துக்கு என்ன கிடைக்கிறது என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது. எங்கே வாழ்கிறது என்பதைப் பெயர் சொல்லட்டும். நன்மை உறுதியான இடத்தில் மட்டும் "அகவாழ் கூட்டுயிரி" என்று எழுதுவோம். "அகவாழ் பாசி" என்பதும் இதே அச்சில் வந்துவிடும்.

அப்புறம், திசுவுக்குள் இருக்கும் அந்தத் திரளுக்கும் ஒரு சொல் வேண்டும். 'நுண்ணுயிர்த் திரள்' போதுமா, 'கொத்து' என்பது இன்னும் பொருந்துமா? கருத்தை எழுதுங்கள்.