புதுப்பிப்பு: இஸ்தான்புல் தெருவோரச் சிப்பி சாப்பிட்டாச்சு

இஸ்தான்புல்லில் தெருவில் விற்கும் மித்யே தோல்மா, அதாவது சோறு அடைத்த சிப்பி, சாப்பிடலாமா என்று கேட்டிருந்தேன் இல்லையா, பாதிப் பேர் தொடவே தொடாதே என்றீர்கள். சாப்பிட்டேன், வயிறு நன்றாகவே இருக்கிறது. கருப்பு ஓட்டுச் சிப்பிக்குள் மிளகு, உலர்திராட்சை போட்ட சோற்றை அடைத்து வேகவைத்து அடுக்கியிருக்கிறார்கள். விற்பவர் கட்டைவிரலால் மேல் ஓட்டைத் திருகி, எலுமிச்சை பிழிந்து கையில் தருகிறார், அந்த ஓட்டையே கரண்டியாக்கி அள்ளி வாயில் போட வேண்டியதுதான். போதும் என்று சொல்லும்வரை அடுத்தது வந்துகொண்டே இருக்கும், கடைசியில் காலி ஓடுகளை எண்ணிக் காசு. அந்தச் சோறு இருக்கிறதே, அபாரம்!

பயமுறுத்தியவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. சிப்பி கடல்நீரை வடிகட்டித்தான் இரை எடுக்கும், தண்ணீரில் இருக்கும் அழுக்கும் கிருமியும் அதன் உடம்பிலேயே தங்கிவிடும், எலுமிச்சை பிழிந்துவிட்டால் எல்லாம் செத்துவிடாது. அதனால் வெயிலில் திறந்து கிடக்கும் தட்டுப் பக்கம் போகாதீர்கள், சாயங்காலம் கூட்டம் மொய்க்கிற, மளமளவென்று தீர்ந்துபோகிற கடையாகப் பாருங்கள்.

அப்புறம், சிப்பியே வேண்டாம் என்பவர்களுக்கு எமினோனு படகுத்துறைப் பக்கம் பாலிக் எக்மெக் இருக்கிறது: சுட்ட கானாங்கெளுத்தி, பச்சை வெங்காயம், ரொட்டி, கண்ணெதிரே சூடாகச் செய்து தருவார்கள்.