டெக்சாஸில் சர்ஜிக்கல் டெக் படிப்பு: பணம் கட்டும் முன் கொஞ்சம் பொறுங்கள்

கேள்வி:

வணக்கம். பிரிஸ்கோவுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. எச்-4 விசா (கணவரின் வேலை விசாவை ஒட்டிக் கிடைப்பது). ஊரில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்தேன். ஆபரேஷன் தியேட்டரில் டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு இங்கே ஒரு படிப்பு இருக்கிறதாமே, எனக்குச் சரிவருமா? படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பதில்:

தங்கச்சி, நான் டாலஸ் பக்கம் ஏழு வருடமாக நீங்கள் கேட்கும் அதே சர்ஜிக்கல் டெக் வேலையில் இருக்கிறேன், ஸ்க்ரப் டெக் என்றும் சொல்வார்கள். நானும் எச்-4-ல் வந்தவள்தான். மைக்ரோபயாலஜி படித்த உங்களுக்கு இந்த வேலையில் பாதி ஏற்கெனவே தெரியும். கிருமி எங்கிருந்து வருகிறது, எதன்மேல் ஒட்டுகிறது என்பதை நொடிக்கு நொடி யோசிக்கிற வேலை இது. தாராளமாகப் படிக்கலாம். எங்கே படிப்பது என்பதில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். நான் ஏமாந்தேன்.

வந்த புதிதில், வீட்டிலிருந்தபடியே சில மாதத்தில் முடித்துவிடலாம் என்று ஓர் ஆன்லைன் படிப்புக்குப் பணம் கட்டினேன். முடித்துவிட்டுச் சான்றிதழ்த் தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போனபோதுதான் அந்தப் படிப்புக்கு அங்கீகாரமே இல்லை என்று தெரிந்தது. கட்டிய பணம் திரும்பி வரவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்ல ஒரு வாரம் எனக்கு வாய் வரவில்லை.

சி.எஸ்.டி. (சர்டிஃபைடு சர்ஜிக்கல் டெக்னாலஜிஸ்ட்) என்ற அந்தத் தேர்வை எழுத வேண்டுமென்றால் சி.ஏ.ஏ.ஹெச்.இ.பி. அல்லது ஏ.பி.ஹெச்.இ.எஸ். அங்கீகாரம் உள்ள படிப்பை முடித்திருக்க வேண்டும். இரண்டு அமைப்புகளின் இணையதளத்திலும் பட்டியல் இருக்கிறது. கல்லூரிக்காரர்கள் வாயால் சொல்வதோடு விடாமல், நீங்களே அதில் பெயரைத் தேடிப் பாருங்கள். டெக்சாஸ் மாநிலச் சட்டமே மருத்துவமனைகள் சான்றிதழ் உள்ளவர்களைத்தான் பொதுவாக எடுக்க வேண்டும் என்கிறது. அதனால் இதில் குறுக்கு வழி தேட வேண்டாம். ஊரில் ஆபரேஷன் தியேட்டர் டெக்னாலஜி படித்துவிட்டு வந்தவர்களும் இதே காரணத்தால்தான் இங்கே திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது.

உங்களுக்குப் பக்கத்திலேயே மெக்கின்னியில் காலின் காலேஜ் இருக்கிறது. சான்றிதழ் படிப்பென்றால் ஒரு வருடத்தை ஒட்டி, அசோசியேட் டிகிரி என்றால் இரண்டு வருடம். அனாடமி, மெடிக்கல் டெர்மினாலஜி போன்றவற்றை முதலில் முடிக்கச் சொல்வார்கள். டெக்சாஸில் பன்னிரண்டு மாதம் குடியிருந்து ஆதாரம் காட்டினால் எச்-4-ல் இருப்பவர்களுக்கும் உள்ளூர்க் கட்டணம் கிடைக்கும். இப்போதே சேர்ந்தால் பல மடங்கு அதிகம் கட்டுவீர்கள். மீதி எட்டு மாதத்தில் டிகிரியை மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள், தடுப்பூசிக் கணக்கைச் சரிசெய்யுங்கள்.

அப்புறம் முக்கியமான விஷயம். எச்-4-ல் படிக்கத் தடையில்லை, சம்பளத்துக்கு வேலை பார்க்கத்தான் தனி அனுமதி வேண்டும். பெரும்பாலும் உங்கள் கணவரின் ஐ-140 (கிரீன் கார்டுக்காக அவர் கம்பெனி போடும் மனு) ஒப்புதலாகியிருந்தால்தான் அதற்கு விண்ணப்பிக்க முடியும். அது எந்த நிலையில் இருக்கிறது என்று இன்றைக்கே அவரிடம் கேளுங்கள். படிப்பை முடித்துவிட்டு அனுமதி இல்லாமல் உட்கார்ந்திருப்பது பெரிய மனக்கஷ்டம்.

மருத்துவமனைப் பயிற்சிக்குக் கேட்கும் தடுப்பூசி, டி.பி. பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. நமக்கெல்லாம் தோளில் பி.சி.ஜி. தழும்பு இருக்கும். அதனால் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் டி.பி. பரிசோதனை நோய் இல்லாமலே பாசிட்டிவாக வரலாம். அப்படி வந்தால் எக்ஸ்ரே, விளக்கக் கடிதம் என்று அலைச்சல். குவாண்டிஃபெரான் ரத்தப் பரிசோதனையை பி.சி.ஜி. குழப்பாது, அதைக் கேட்டு வாங்குங்கள். சின்ன வயதுத் தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தால் அம்மை, தட்டம்மைக்கு டைட்டர் (உடலில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்து, எதிர்ப்புச் சக்தி இருப்பதாக வந்தால் போதும்.

கேள்வி:

ரொம்ப நன்றி அக்கா. கணவரிடம் கேட்டேன், ஐ-140 ஆகிவிட்டதாம்! இன்னும் இரண்டு சந்தேகம். ரத்தம் பார்த்தால் மயக்கம் வருமோ என்று பயமாக இருக்கிறது. அப்புறம், தாலியைக் கழற்றச் சொல்வார்களா?

பதில்:

ரத்தத்தைவிட வாசனைதான் முதல் நாள் தூக்கிப் போடும். திசுவைச் சுட்டு ரத்தத்தை நிறுத்தும் கருவியை இங்கே போவி என்பார்கள். 1926-ல் பாஸ்டனில் ஹார்வி குஷிங் முதன்முதலில் பயன்படுத்திய அந்தக் கருவியை உருவாக்கியவரின் பெயர் அது. அந்தப் புகை மூக்கில் ஏறும்போது வயிறு காலியாக இருக்கக் கூடாது. இட்லியோ உப்புமாவோ, காலையில் சாப்பிட்டுவிட்டே போங்கள். முட்டியை விறைப்பாக வைத்து நிற்காதீர்கள். தலை சுற்றினால் வாய் திறந்து சொல்லி, மேஜையைவிட்டுப் பின்னால் நகருங்கள். யாரும் திட்ட மாட்டார்கள்.

பயிற்சியில் குறைந்தது 120 அறுவை சிகிச்சையில் பங்கெடுக்க வேண்டும், அதில் 80-ல் நீங்களே முதன்மை ஸ்க்ரப், அதாவது கருவி கொடுக்கும் முக்கிய ஆள். பத்துப் பதினைந்து முடிந்ததும் ரத்தம் கண்ணில் படாது, எண்ணிக்கைதான் மனதில் ஓடும். ஸ்பாஞ்ச் எத்தனை, ஊசி எத்தனை என்று தொடங்கும் முன் எண்ணுவோம், உடலை மூடும் முன் எண்ணுவோம், கடைசியில் திரும்பவும் எண்ணுவோம். ஒன்று குறைந்தாலும் எல்லோரும் நின்று தேடுவார்கள்.

எனக்கு மறக்காத நாள் ஒன்று. குடல்வால் அறுவை சிகிச்சை, நான் இன்னும் மாணவி. மேயோ ஸ்டாண்டில் (கருவித் தட்டு வைக்கும் சின்ன மேஜை) கருவிகளை அடுக்கித் திரும்பும்போது என் கையுறையின் நுனி விளக்கின் கைப்பிடிக்கு மேலே, உறை போடாத பகுதியில் பட்டது. நூலளவுதான். யாரும் பார்க்கவில்லை. சர்ஜன் கை நீட்டிக் காத்திருந்தார். தொண்டை வறண்டுபோய், "என் கையுறை கெட்டுவிட்டது" என்றேன். அவர் கையைத் தாழ்த்திக்கொண்டார், நர்ஸ் புதுக் கையுறையைப் பிரித்தார், அரை நிமிடத்தில் வேலை தொடர்ந்தது. முடிந்ததும் என் பயிற்சியாளர், "இனி உன்னை நம்பி மேஜையை விடலாம்" என்றார். கருவியின் பெயரெல்லாம் அட்டையில் எழுதி மனப்பாடம் செய்துவிடலாம் தங்கச்சி. யாரும் பார்க்காதபோதும் வாய் திறந்து சொல்கிற பழக்கம் உங்களிடம் இருந்தால் இந்த வேலை உங்களுக்குத்தான்.

வளையல், மோதிரம் எதுவும் கூடாது. ஸ்டிக்கர் பொட்டும் வேண்டாம், வியர்வையில் கழன்று விழும். தாலி விஷயத்தில் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு விதி. சில இடங்களில் உடைக்குள் முழுக்க மறைந்திருந்தால் விடுவார்கள். நான் வேலை நாளில் கழற்றிச் சாமி அலமாரியில் வைத்துவிட்டுப் போகிறேன். மாமியாருக்கு முதலில் மனசே ஒப்பவில்லை. வயிற்றைத் திறந்து வைத்திருக்கிற ஒருவர் பக்கத்தில் நிற்கப் போகிறேன் அத்தை என்று சொன்னேன். இப்போது காலையில் அவரே கையை நீட்டி வாங்கி வைக்கிறார்.