புன்னைக்காயல் ஆளியும் உடன்குடிப் பதனியும்: ஒரே நாளில் பார்த்துவர முடியுமா?

தாமிரபரணிக்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி வண்ணார்பேட்டை. ஆறு வருஷமாக டாஸ்மேனியாவில், ஹோபார்ட்டில் நர்ஸாக இருக்கிறேன். சித்திரை கடைசியில் ஊருக்கு வருகிறேன். கூட வேலை பார்க்கிற இரண்டு தோழிகளும் வருகிறார்கள்.

போன வருஷம் அவர்கள் என்னை ஒரு நாள் கிழக்குக் கரையோரமாகக் காரில் கூட்டிப் போனார்கள். ஸ்வான்ஸீ பக்கம் ஒரு ஆய்ஸ்டர் பண்ணை. தண்ணீரிலிருந்து எடுத்ததைக் கண்முன்னே கத்தியால் நெம்பித் திறந்து, எலுமிச்சை பிழிந்து பச்சையாகவே கொடுத்தார்கள். நான் தயங்கித் தயங்கி ஒன்றை வாயில் போட்டேன். கடலையே விழுங்கிய மாதிரி இருந்தது. அப்புறம் அதே சாலையில் ஒரு திராட்சைத் தோட்டம். அங்கே விளைந்த பழத்தில் செய்த பினோ நுவார் ஒயினை ஆளுக்கு ஒரு வாய் ருசி பார்க்கக் கொடுத்தார்கள். எதிரே விரிகுடா, அதற்கு அந்தப் பக்கம் ஹசார்ட்ஸ் மலைகள். எந்தச் சரிவில் விளைந்த திராட்சை, அந்த வருஷம் மழை எப்படி என்று தோட்டத்துக்காரர் சொல்லிக்கொண்டே வந்தார்.

திரும்பி வரும்போது ஒரு தோழி, "உன் ஊரிலும் கடல் இருக்கிறதே, அங்கே என்ன விளையும்?" என்று கேட்டாள். திருச்செந்தூர் கோயில் என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அது இன்னும் மனசில் கிடக்கிறது.

நம் கரையில் ஆய்ஸ்டர் கிடைக்குமா? ஒயின் தோட்டம் மாதிரி, விளைகிற இடத்திலேயே போய்க் குடித்துப் பார்க்கிற ஏதாவது உண்டா? காலையில் கிளம்பி ராத்திரிக்குள் வீடு திரும்ப வேண்டும். அம்மாவும் வருவாள். அவளுக்கு மூட்டு வலி, ரொம்ப நடக்க முடியாது.

பொதிகைச் சாரல்:

ஒயின் தோட்டம் நம் பக்கம் கிடையாது. திராட்சை பார்க்க வேண்டும் என்றால் தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். அங்கத்திய பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடுகூட இருக்கிறது. ஆனால் அது வேறு திசை, கடலும் இல்லை. கள் என்று யாராவது சொன்னால் அந்த யோசனையே வேண்டாம், தமிழ்நாட்டில் 1987லிருந்து தடை. இறால் போட்டு ஒரு நல்ல மத்தியானச் சாப்பாடு, தூத்துக்குடி மக்ரூன் ஒரு கிலோ, அவ்வளவு போதும் என்பது என் கருத்து.

விளைக்காட்டான்:

தங்கச்சி, திராட்சைத் தோட்டம் இல்லைதான். ஆனால் நீங்கள் கேட்டது விளைகிற இடத்திலேயே போய்க் குடிப்பது. அது நம்மிடம் இருக்கிறது: பனையிலிருந்து இறக்குகிற பதனி, அதாவது பதநீர். நீங்கள் வருகிற மாதமும் சரியான மாதம்.

என் அப்பா பனையேறி. உடன்குடிக்குத் தெற்கே ஒரு விளையில், அதாவது பனந்தோப்பில், நாற்பது மரம் ஏறினார். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். ஏறுகிற ஒவ்வொரு தரமும் பாளையின் நுனியை அரிவாளால் மெல்லிசாகச் சீவ வேண்டும், வெற்றிலை கிள்ளுகிற அளவுதான். ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை காய்ந்து அடைத்துக்கொள்ளும். காய்ச்சலோடும் அப்பா ஏறியது அதற்காகத்தான். சீவிய நுனியில் கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குவார், ராத்திரி முழுக்கச் சொட்டும்.

எட்டு வயதிலிருந்து எனக்கு ஒரு வேலை உண்டு: கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுவது. பனைமட்டைத் துண்டின் நுனியைக் கல்லில் நசுக்கினால் நார் நாராக வந்து தூரிகை மாதிரி ஆகும். அதைச் சுண்ணாம்பில் தோய்த்துக் கலயத்தின் உள்ளே ஒரு சுற்று. கை அசந்து சுண்ணாம்பு கூடிவிட்டால் பதனி குடிக்கிறவன் நாக்கு பொத்துப்போகும். குறைந்தால், மரத்திலிருந்து இறக்கும்போதே நுரைத்துப் புளிப்பு தட்டியிருக்கும், கள்ளாகிப் போன பதனி கருப்பட்டிக்கு ஆகாது. அப்பா ஒரு கலயத்தை முகர்ந்து பார்த்தே, "இது நீ தடவினதா, உங்க அம்மா தடவினதா?" என்று சொல்லிவிடுவார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், அந்தச் சுண்ணாம்பு கடலிலிருந்து வந்தது. கரையில் அள்ளிய சிப்பியையும் மட்டியையும் காளவாசலில் சுட்டு, வீட்டில் பழைய பானையில் தண்ணீர் விட்டு நீற்றுவோம். பானை கொதித்துச் சீறும், எங்களைக் கிட்டே விட மாட்டார்கள். உங்கள் தோழிகள் ஊரில் ஆய்ஸ்டரும் ஒயினும் ஒரே மேஜையில் சேர்கின்றன. எங்கள் விளையில் சிப்பி பனை உச்சிக்கே ஏறிப் பதனிக்குள் போய்விட்டது. அவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இனி வழி. காலை நாலரைக்குக் கிளம்பி ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, குரும்பூர் வழியாக வந்தால் ஆறரைக்குள் உடன்குடிப் பக்கம் வந்துவிடலாம். தாமதித்தால் பிரயோஜனமில்லை. மரத்திலிருந்து இறக்கின பதனியை வெயில் ஏறும் முன்னே குடிக்க வேண்டும், அந்தக் குளிர்ச்சி எட்டு மணிக்கு மேல் இருக்காது. குடிப்பது டம்ளரில் இல்லை, பட்டையில். இளம் ஓலையை விரித்துக் குழியாக மடக்கி ஓரத்தை ஈர்க்கால் கட்டியிருப்பார்கள். இரண்டு கையாலும் ஏந்தி உதட்டில் வைத்தால் முதலில் வருவது பச்சை ஓலை வாசம், அப்புறம்தான் இனிப்பு. அதிலேயே இரண்டு நுங்கைத் தோண்டிப் போடச் சொல்லுங்கள். அம்மாவுக்குச் சிரமமில்லை, காரை விளை ஓரத்திலேயே நிறுத்தலாம்.

நெடுஞ்சாலை ஓரத்தில் பிளாஸ்டிக் டிரம்மில் விற்பதை வாங்காதீர்கள். இரண்டு வருஷம் முன்னால் என் மகளுக்கு அப்படி ஓரிடத்தில் வாங்கிக் கொடுத்தேன். சாக்கரின் கசப்பு அரை மணி நேரம் நாக்கை விட்டுப் போகவில்லை. பதனி என்றால் இதுதான் என்று அந்தப் பிள்ளை நினைத்துவிடுமே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறு வாரமே விளைக்குக் கூட்டிப் போய்க் குடிக்க வைத்தேன்.

குடித்து முடித்ததும் விடிலிக்குப் போங்கள், கருப்பட்டி காய்ச்சுகிற குடிசை. பெரும்பாலும் பனையேறியின் வீட்டுக்காரிதான் அடுப்பில் நிற்பார். காய்ந்த ஓலையையும் மட்டையையும் வைத்து எரித்து மணிக்கணக்காகக் கிண்ட வேண்டும். பொங்கி வழிய வரும்போது ஆமணக்கு முத்தைத் தட்டி ஒரு சிட்டிகை போடுவார், பொங்கல் அப்படியே அடங்கும். பாதி வற்றினால் கூப்பனி. அதற்கு மேல் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலில் உருட்ட வந்தால் பதம். சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கும் 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அந்தப் பெயரில் வருவதெல்லாம் சுத்தம் என்று நம்ப வேண்டாம், சீனி கலப்பவர்கள் உண்டு. நல்ல கருப்பட்டி மழைக்காலத்தில் இளகும், அதனால்தான் அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி வைப்பார்கள். கண்முன்னே காய்ச்சினதை வாங்குங்கள். சொல்கிற விலையைக் கொடுங்கள், தங்கச்சி. மரம் ஏற ஆள் குறைந்துகொண்டே வருகிறது, பேரம் பேசுகிற இடம் இதில்லை.

ஒன்பது மணிக்குள் தேரிக்காட்டில் இறங்கி அந்தச் செம்மணலைக் காட்டிவிடுங்கள், அப்புறம் கால் வைக்க முடியாத சூடு. அங்கிருந்து மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற மணல்குன்றும் அதன்மேல் திருச்சிலுவைக் கோயிலும் காரிலிருந்தே தெரியும். நீங்கள் கேட்ட ஆய்ஸ்டர், நம் பக்கம் ஆளி என்பார்கள், அந்த விஷயம் எனக்குச் சரியாகத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

கழிமுகம்:

தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்தவன். ஆளி பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தூத்துக்குடி என்றதும் எல்லோரும் முத்துச்சிப்பியை நினைப்பார்கள். அது வேறு, கடலுக்குள் பார் எனப்படும் பாறைத்திட்டுகளில் வாழ்வது. கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961ல். சாப்பிடுகிற ஆய்ஸ்டருக்கு நம் பக்கம் ஆளி என்று பெயர். அதற்கு ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கிற இடம் வேண்டும். கழிமுகம், ஓடை, அலையாத்தி வேர், துறைமுகச் சுவர் என்று எது கிடைத்தாலும் ஒட்டிக்கொள்ளும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையம் 1970களிலேயே இதை வளர்க்கும் முறையை வகுத்தது. காலி ஆளி ஓடுகளைக் கயிற்றில் கோத்துத் தண்ணீரில் தொங்கவிட்டால் குஞ்சுகள் தாமாக வந்து ஒட்டும்.

புன்னைக்காயல் தாமிரபரணி கடலில் சேருகிற இடம். அதாவது அக்கா, உங்கள் வண்ணார்பேட்டையைத் தாண்டி ஓடுகிற அதே தண்ணீர்தான் அங்கே வந்து உப்போடு கலக்கிறது. ஆளி அங்கே இருப்பதும் அதனால்தான், அதைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது என்று நான் சொல்வதும் அதனால்தான். ஆளி தண்ணீரை உறிஞ்சி வடிகட்டித்தான் பிழைக்கிறது. தண்ணீரில் என்ன இருக்கிறதோ அது உடம்பில் சேரும். மாநகரத்துக் கழிவு ஆற்றில் கலப்பது உங்களுக்கே தெரியும். டாஸ்மேனியாவில் ஆளி வளர்க்கிற தண்ணீரைத் தொடர்ந்து சோதிக்கிறார்கள், பெருமழை பெய்து ஆற்று நீர் கலந்தால் அறுவடையையே நிறுத்திவிடுகிறார்கள். பண்ணை ஆளி என்றால் இங்கும் சுத்தமான கடல்நீரில் ஒரு நாள் வைத்துக் கழுவும் முறை உண்டு. கழிமுகத்தில் கொத்தி எடுத்துக் கொடுப்பவரிடம் அந்த வசதி கிடையாது. நர்ஸுக்கு, வயிற்றுப்போக்கு தருகிற விப்ரியோ கிருமியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

நன்றாக வேகவைத்தால் அந்தக் கிருமிப் பயம் இல்லை. வாய் திறந்த பிறகும் ஐந்து நிமிஷம் கொதிக்கட்டும். சமைக்கும் முன்பே செத்து வாய் பிளந்து கிடப்பதும், வெந்த பிறகும் திறக்காததும் குப்பைக்கு.

புன்னைக்காயல் மருமகள்:

ஓட்டலில் கேட்காதீர்கள், கிடைக்காது. எங்கள் ஊரிலேயே தினமும் எடுக்கிற பொருளில்லை. முந்தின நாளே தெரிந்தவர் மூலம் சொல்லிவைத்தால், தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்துக் கம்பியால் கொத்திக் கொண்டுவந்து தருவார்கள். நீங்கள் இறங்க வேண்டாம், ஓட்டின் விளிம்பு காலைக் கிழித்துவிடும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் இறங்கி வாங்கின தழும்பு பாதத்தில் இன்னும் இருக்கிறது.

மாமியார் செய்வதைச் சொல்கிறேன். தென்னை நாரால் ஓட்டைத் தேய்த்து மூன்று தண்ணீரில் கழுவுவார். சட்டியில் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து ஆளியைப் போட்டு மூடிவிடுவார். அந்தத் தம்பி சொன்ன மாதிரி திறந்த பிறகும் நன்றாக வெந்ததும் சதையைப் பிரித்துவைப்பார். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம் ஒரு கை, கறிவேப்பிலை, அம்மியில் நுணுக்கின மிளகும் சீரகமும், அதில் சதையைப் போட்டு இரண்டு பிரட்டு, கடைசியில் தேங்காய்த் துருவல். உப்பு போட மாட்டார், கடல் ஏற்கெனவே போட்டிருக்கும். சூடான சோறும் புளித்தண்ணியும் கூட இருந்தால் போதும்.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நீங்கள் வரும்போது நாட்டுப்படகு மீன்தான் இருக்கும், விலை கூட. ஆளிக்குப் படகு வேண்டாம், அது பாதிக்காது.

தாமிரபரணிக்காரி:

இதையெல்லாம் அம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். அண்ணாச்சி சொன்ன பட்டை வாசத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டாள். தாத்தா திசையன்விளைச் சந்தையிலிருந்து வரும்போது ஓலைப்பெட்டியில் கூப்பனி கலயம் கொண்டுவருவாராம். எனக்கு இதுவரை சொன்னதே இல்லை.

பச்சையாகச் சாப்பிடுவதில்லை என்று தோழிகளிடம் இப்போதே சொல்லிவிட்டேன், காரணத்தையும் சொன்னேன். காலையில் உடன்குடி, தேரி, மணப்பாடு, மத்தியானம் திருச்செந்தூர் வழியாகப் புன்னைக்காயல், திரும்பும்போது ஆத்தூரில் அம்மாவுக்கு வெற்றிலை. சரியாக வருமா? அண்ணாச்சி, நாங்கள் கலயத்துக்கு ஒரு தரம் சுண்ணாம்பு தடவிப் பார்க்க விடுவார்களா?

விளைக்காட்டான்:

சரியாக வரும். புன்னைக்காயலுக்கு ஒரு மணிக்குள் போய்விடுங்கள், சமைக்கிறவர்களைக் காக்க வைக்க வேண்டாம்.

சுண்ணாம்பு தடவ விடுவார்கள். ஆனால் சாயங்காலக் கலயத்துக்குத்தான் தோதுப்படும், அதற்கு நீங்கள் மூன்றரைக்கு மறுபடி விளைக்கு வர வேண்டும், ஆத்தூர் வெற்றிலை தள்ளிப்போகும். அம்மாவிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் இங்கே ஒரு வரி எழுதுங்கள். கோடை மழை பெய்திருந்தால் பதனி தண்ணியாக இருக்கும், தேதியை மாற்றிக்கொள்ளலாம்.