புள்ளலூர்ப் போர், 1780: பாரசீகம் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். நான் பெங்களூர் அல்சூர்க்காரன். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லி படையை நொறுக்கினார்கள் இல்லையா, அதை இரண்டு தரப்பு எழுத்தையும் எதிரெதிரே வைத்துப் படித்து வருகிறேன்.

கம்பெனித் தரப்புக்குப் பஞ்சமே இல்லை. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்ததையும், காஞ்சிபுரத்தில் இருந்த கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோ உதவிக்கு வந்து சேராததையும் மாய்ந்து மாய்ந்து எழுதியிருக்கிறார்கள். (என்னைக் கேட்டால் அதில் பாதி, யார்மேல் பழி போடுவது என்ற சண்டைதான்.)

மைசூர்த் தரப்பில்தான் இடிக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் தரியா தௌலத் அரண்மனைச் சுவர் ஓவியத்திலும் வண்டி வெடிக்கிறது, பெய்லி பல்லக்கில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அது ஜெயித்தவர் வரையச் சொன்ன படம். எழுத்தென்று பார்த்தால் கிர்மானியின் பாரசீக வரலாறு உண்டு. அந்த அரசில் பணிபுரிந்தவர், என்றாலும் எழுதி முடித்தது திப்பு இறந்த பிறகு. அதை ஆங்கிலத்தில் தந்த கர்னல் மைல்ஸோ கம்பெனி அதிகாரி! அவர் வாய்வழியாக மைசூர்க்காரர் பேச்சைக் கேட்க மனசு ஒப்பவில்லை.

சிவாஜிநகர், ஃப்ரேசர் டவுன் பக்கம் பாரசீகம் படித்துப் பொருள் சொல்லக்கூடியவர் யாரையாவது தெரியுமா? அந்தப் போர் வரும் பக்கங்கள் மட்டும் போதும். அவர் கேட்கும் கட்டணம் தருகிறேன்.

புள்ளலூர்ப் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்களும் சொல்லுங்கள். பெய்லி படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். அவர்கள் சொன்னதாக ஒரு வரிகூட எனக்கு அகப்படவில்லை. ஊர்ப் பெரியவர்களிடம் ஏதாவது கதை இருந்தால், அரைகுறையாக இருந்தாலும் கமெண்டில் போடுங்கள்.