கலைச்சொல் உதவி: குண்டுவீச்சு விமானத்தின் 'டரட்' (வெள்ளிக்கிழமைக்குள்)

மொழிபெயர்ப்பாளி:
குழுவினர்க்கு வணக்கம். சிறுவர் அறிவியல் இதழ் ஒன்றுக்கு ஒரு கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 1944 நவம்பர் 12 அன்று ஸ்காட்லாந்தின் லாசிமவுத்திலிருந்து புறப்பட்ட பிரிட்டனின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் நார்வேயின் டிராம்சோ அருகே நின்ற ஜெர்மனியின் டிர்பிட்ஸ் போர்க்கப்பலைக் கவிழ்த்த கதை. அவ்வளவு தூரம் போய்த் திரும்ப, விமானங்களை மாற்றியமைத்தார்கள். மெர்லின் 24 எஞ்சின் பூட்டினார்கள், உடலுக்குள் கூடுதல் எரிபொருள் தொட்டி வைத்தார்கள், எடை குறைக்க முதுகிலிருந்த டரட்டைக் கழற்றினார்கள். இந்த டரட்டில்தான் சிக்கிக்கொண்டேன். கண்ணாடிக் குமிழுக்குள் ஒருவர் உட்கார்ந்து, துப்பாக்கியோடு சேர்ந்து சுழல்வார். பத்து வயதுக் குழந்தைக்குப் புரிய வேண்டும். வெள்ளிக்கிழமை கெடு.

பழைய வாத்தியார்:
அம்மா, சொல் நம்மிடமே இருக்கிறது: ஞாயில். மதில் மேல் வீரர் மறைந்து நின்று அம்பு எய்யும் இடம். சிலம்பின் அடைக்கலக் காதையில் மதுரை மதில் பொறிகளை அடுக்கி வரும்போது ஞாயிலும் வருகிறது. ஆங்கிலச் சொல்லும் கோட்டைச் சிறுகோபுரத்திலிருந்து வந்ததுதானே? அவர்கள் கோட்டையிலிருந்து எடுத்தார்கள், நாமும் எடுப்போம்.

நெல்லைக்காரன்:
ஐயா, என் மகனிடம் 'ஞாயில்' என்றேன். "ஞாயிறா?" என்று கேட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியவில்லை. தாக்குதல் நடந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை! 'சுழற்கூண்டு' போதும்.

பழைய வாத்தியார்:
முதலில் ஒற்றைத் திருத்துங்கள். சுழலும் கூண்டு என்பது வினைத்தொகை. அங்கே வலி மிகாது, லகரமும் திரியாது. 'சுழற்கூண்டு' என்றால் நீர்ச்சுழலுக்கு வைத்த கூண்டு. ஞாயிலுக்கு வருகிறேன். ஞாலுதல் என்றால் தொங்குதல். மதிலிலிருந்து வெளியே ஞான்று நிற்பதால் ஞாயில் என்பது என் கருத்து. ஆக, விமானத்தின் அடியில் தொங்கும் டரட்டுக்கும் பொருந்தும்.

நெல்லைக்காரன்:
அப்படியானால் 'சுழற்பந்து' வீசிய அஷ்வின் இத்தனை வருடம் ஆற்றுச்சுழலிலா வீசினார்?

பழைய வாத்தியார்:
அதுவும் பிழையே. எழுதியும் பார்த்தேன், யார் கேட்கிறார்கள்.

பட்டறைக்காரர்:
முப்பது வருடம் விமானப் பழுதுபார்ப்பில் இருந்தவன். பெயர் வைக்கும் முன் அந்தப் பொருளைப் பாருங்கள். லங்காஸ்டரின் முதுகு டரட்டில் நாற்காலியே கிடையாது. கித்தான் பட்டையொன்று, ஊஞ்சல் மாதிரி. அதில் தொங்கியபடி மணிக்கணக்காகக் கால் கடுக்க உட்கார வேண்டும். இரண்டு பிரௌனிங் துப்பாக்கிகள். வால் டரட்டில் நான்கு. டிராம்சோ போனபோதும் அதைக் கழற்றவில்லை. வாத்தியார் ஐயா சொன்ன அடிவயிற்று டரட்டும் ஆரம்பகால விமானங்கள் சிலவற்றில் இருந்தது. 1943 மே மாதம் ஜெர்மனியின் ரூர் அணைகளை உடைக்கப் போன விமானங்களிலும் முதுகு டரட்டை எடுத்துவிட்டார்கள். அந்தத் துப்பாக்கிக்காரரை மூக்குக்கு அனுப்பினார்கள். குண்டு வெளியே தெரியும்படி வயிற்றுக் கதவுகளும் போயின. இப்படி மாற்றிய விமானத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'டைப் 464 புரொவிஷனிங்'. மளிகைக்கடைப் பெயர்ப்பலகை மாதிரி! தெளிவான சொல் வேண்டும் என்று அவர்கள் யாரும் தூக்கத்தைத் தொலைக்கவில்லை. 'டரட்' என்றே விட்டுவிடுங்கள்.

எழுத்தாணி:
'டரட்' என்று விட்டால் அடுத்து 'பாம் பே' (குண்டு வைக்கும் அறை) வரும், பிறகு வினைச்சொல் மட்டும்தான் தமிழில் மிஞ்சும். 'சுழல்கோபுரம்' என்ன குறை?

பழைய வாத்தியார்:
கோபுரத்தைப் பிறமொழிச் சொல் என்பார்கள் சிலர். கோ என்றால் உயர்வு, தலைமை, புரம் என்பது...

நெல்லைக்காரன்:
ஐயா, கெடு வெள்ளிக்கிழமை.

மொழிபெயர்ப்பாளி:
கோபுரம் வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. குழந்தை விமானத்தின் முதுகில் மதுரைக் கோபுரத்தை வரைந்துவிடும். இன்னொரு சந்தேகம். கட்டுரையின் கடைசிப் பெட்டிச் செய்தியில் வேறொரு லங்காஸ்டர் வருகிறது. ஜப்பான்வரை பறப்பதற்காக, விமானி அறைக்குப் பின்னால் முதுகின் மேலேயே 1,200 கேலன் பிடிக்கும் பெரிய தொட்டியைப் பொருத்தினார்களாம். ஆங்கிலத்தில் குதிரைச் சேணத்தின் பெயரால் சொல்கிறார்கள். 'சேணத்தொட்டி' சரியா?

பட்டறைக்காரர்:
இரண்டே விமானங்களில் செய்து பார்த்தார்கள். இந்தியாவிலும் சோதித்தார்கள். தொட்டி நிரம்பியிருந்தால் விமானம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, கைவிட்டார்கள். படத்தைப் பார்த்தால் சேணம் மாதிரியே இல்லை. காங்கேயம் காளைக்குத் திமில் இருக்கிற மாதிரி இருக்கும்.

எழுத்தாணி:
திமில்தொட்டி!

நெல்லைக்காரன்:
ஆகா. திமில்தொட்டி. என் மகனுக்குக்கூட விளக்க வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளி:
எடுத்துக்கொண்டேன், நன்றி. கேட்ட சொல் நாலு நாளாகக் கிடைக்கவில்லை, கேட்காத சொல் நாலே நிமிடத்தில் வந்துவிட்டது. டரட்டுக்கு இதுவரை: என்னையும் சேர்த்து சுழல்கூண்டு இரண்டு பேர், சுழல்கோபுரம் ஒருவர், டரட் ஒருவர், ஞாயில் ஒருவர். சுழல்கூண்டு என்று அனுப்புகிறேன், றகரம் இல்லாமல். 'கூண்டு' என்றதும் கிளி நினைவுக்கு வருவது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் அந்தக் கித்தான் பட்டையில் தொங்கியவருக்கு அது கூண்டாகத்தான் இருந்திருக்கும்.

பழைய வாத்தியார்:
போகட்டும். வினைத்தொகை முக்காலத்துக்கும் பொருந்தும். கழற்றிவிட்ட கூண்டு இனி எங்கே சுழலப்போகிறது என்று மட்டும் யோசியுங்கள். என் வாக்கு இன்னும் ஞாயிலுக்கே. அப்புறம், அந்தத் திமில்தொட்டி: திமில் போன்ற தொட்டியா, திமிலின்கண் உள்ள தொட்டியா? முன்னது என்றால் இரண்டு வடிவும் சரி. பின்னது என்றால் 'திமிற்றொட்டி' என்றே வர வேண்டும். நன்னூலை ஒருமுறை பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள் அம்மா.