சர்க்கரை பார்க்கப் போன இடத்தில் ஒன்பது கேள்வி

எனக்குச் சர்க்கரை வந்து ஆறு வருடமாகிறது. போன வருடம் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்.பி.ஏ.1சி) 9.4-க்கு ஏறிவிட்டது. மாத்திரையைக் கூட்டிப் பார்த்தார்கள், இறங்கவில்லை. அடுத்த முறை போனபோது நர்ஸ் ஒரு தாளை எடுத்து, கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று ஒன்பது கேள்வி கேட்டார். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். 2001-இல் வந்த பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாள் அது. 10 அல்லது அதற்கு மேல் வந்தால், மனச்சோர்வாக இருக்குமோ என்று மேற்கொண்டு விசாரிப்பார்கள். எனக்கு 15.

"சர்க்கரைக்கு வந்தவனிடம் இதெல்லாம் எதற்கு?" என்றேன், எரிச்சலோடுதான். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. பையில் இருந்த மாத்திரை அட்டைகளைக் காட்டச் சொன்னார். காலை அட்டை காலி. இரவு அட்டையில் ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. பொழுது சாய்ந்தால் எதுவுமே செய்யத் தோன்றாமல் விளக்கை அணைத்துப் படுத்துவிடுவேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அப்புறம் அதே நர்ஸ்தான் போன் செய்து சர்க்கரையையும் மனநிலையையும் ஒரே நோட்டில் குறித்துக்கொண்டு வந்தார். அமெரிக்க மனநல மருத்துவர் வேய்ன் கேட்டன் குழு, மனச்சோர்வோடு சர்க்கரையோ இதய நோயோ இருந்த 214 பேரிடம் இப்படித்தான் செய்து பார்த்து 2010-இல் வெளியிட்டிருக்கிறது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களைவிட இவர்களுக்கு மனச்சோர்வு, சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு எல்லாமே நன்றாகக் குறைந்திருந்தன. எனக்கு இப்போது மூன்று மாதச் சராசரி 7.6.

பதில் 1:
அந்தத் தாளில் எனக்கு ஒரு குறை உண்டு. தூக்கம், பசி, களைப்பு மூன்றையும் கேட்கிறது. பைபாஸ் முடிந்த மூன்றாம் வாரம் யாருக்குத்தான் தூக்கம் வரும்? எனக்கு 11 வந்து வீடே பயந்துவிட்டது. உளவியலாளர் வேறொரு தாள் கொடுத்தார். மருத்துவமனை நோயாளிகளுக்கென்றே 1983-இல் உருவாக்கிய எச்.ஏ.டி.எஸ். உடல் நோயாலும் வரக்கூடிய அறிகுறிகளை அதில் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். அதன்படி எனக்கு மனச்சோர்வு இல்லை, பதற்றம்தான் அதிகம். சரிதான், ராத்திரி முழுக்கப் போர்வைக்குள் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணிக்கொண்டிருந்தவன் நான்.

பதில் 2:
மனதைச் சரிசெய்தால் இதயமும் சரியாகிவிடும் என்று மட்டும் யாரும் நம்பிவிடாதீர்கள். 2003-இல் வந்த என்ரிச்ட் ஆய்வில் மாரடைப்பு வந்த 2481 பேர் இருந்தார்கள். உளவியல் சிகிச்சையால் மனச்சோர்வு ஓரளவு குறைந்தது. இறப்போ மறு மாரடைப்போ குறையவில்லை. இதெல்லாம் தெரிந்துதான் அப்பாவை உளவியலாளரிடம் கூட்டிப்போனேன். மாரடைப்புக்குப் பிறகு நான்கு மாதமாக வாசலைத் தாண்டாதவர். ஐந்தாவது சந்திப்பு முடிந்த மறுநாள், யாரும் சொல்லாமலே செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்வந்தார்.