எஃப்எச்ஏ லோன்: அப்ரைசல் இழுத்துக்கொண்டே போகிறது, சீக்கிரம் முடிக்க வழி உண்டா?

கேள்வி

1960களில் கட்டிய தனி வீடு, எஃப்எச்ஏ லோனில் (அமெரிக்க அரசின் வீட்டுவசதி அமைப்பு காப்பீடு தரும் கடன்) வாங்குகிறோம். விற்பவர் காலி செய்து போய்விட்டார். ஒப்பந்தம் கையெழுத்தாகி ஒரு வாரம் ஆகிறது. வீட்டை மதிப்பிடும் அப்ரைசர் எந்தத் தேதியில் வருவார் என்று கேட்டால் லோன் ஆபிசரிடமிருந்து சரியான பதில் இல்லை. க்ளோசிங்குக்கு, அதாவது வீடு கைமாறும் நாளுக்கு, மூன்றரை வாரம்தான் இருக்கிறது. அப்ரைசரை நாங்களே கூப்பிட்டுப் பேசலாமா? அவர் வருவதற்குள் எதையெல்லாம் தயார் செய்ய வேண்டும்? வெளியே ஜன்னல் சட்டங்களில் பெயின்ட் உரிந்திருக்கிறது, தண்ணீர் இணைப்பையும் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம்.

பதில் 1

லோன் ஆபிசரிடம் "எப்போது வருவார்" என்று கேட்காதீர்கள். "அப்ரைசலுக்கு ஆர்டர் போய்விட்டதா? எந்த அப்ரைசராவது அதை ஏற்றுக்கொண்டாரா?" என்று கேளுங்கள். இரண்டும் வேறு வேறு நிலை, தீர்வும் வேறு.

ஆர்டரே போகவில்லை என்றால், லோன் எஸ்டிமேட் (கடன் செலவுகளைக் காட்டும் தாள்) வந்த பிறகு "தொடரச் சம்மதம்" என்று நீங்கள் தெரிவித்தீர்களா என்று பாருங்கள். அதற்கு முன் அப்ரைசல் கட்டணம் வாங்க லெண்டருக்கு (கடன் தரும் நிறுவனத்துக்கு) சட்டப்படி அனுமதி இல்லை. அந்த மின்னஞ்சல் படிக்கப்படாமல் கிடந்தால் எல்லாமே அங்கேயே நிற்கும். எஃப்எச்ஏ கேஸ் நம்பர் (உங்கள் கடனுக்கு அந்த அமைப்பு தரும் எண்) வாங்கியாகிவிட்டதா என்றும் கேளுங்கள். அது இல்லாமல் ஆர்டர் கொடுக்க முடியாது.

ஆர்டர் போயும் யாரும் எடுக்கவில்லை என்றால், பெரும்பாலும் கட்டணம் குறைவு அல்லது கெடு நெருக்கம். அப்ரைசர்களை அமர்த்தும் இடைநிலை நிறுவனம் ஒருவர் மறுத்த பின் அடுத்தவரைக் கேட்டுக்கொண்டிருக்கும். அவசரக் கட்டணம் கொடுக்கத் தயார் என்று லோன் ஆபிசருக்கு எழுத்தில் சொல்லுங்கள். தொகை மாறினால் திருத்திய லோன் எஸ்டிமேட் வரும், அதற்கும் அன்றே பதில் கொடுத்துவிடுங்கள்.

அப்ரைசரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. இந்த விலை வர வேண்டும் என்று யாரும் அவரை நெருக்கவும் கூடாது. ஆனால் வீட்டைத் திறந்து காட்டுவது பற்றியும், வீட்டைப் பற்றிய உண்மை விவரங்களைக் கொடுக்கவும் ஏஜென்ட் அவரிடம் பேசலாம். அதில் தவறே இல்லை.

பதில் 2

உங்கள் விஷயத்தில் நாள் வீணாகப்போவது அப்ரைசரின் முதல் வருகையில் அல்ல, இரண்டாம் வருகையில். தண்ணீர், மின்சாரம், கேஸ் மூன்றும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று எஃப்எச்ஏ எதிர்பார்க்கிறது. குழாயையும் ஹீட்டரையும் இயக்கிப் பார்க்க முடியாவிட்டால் அறிக்கை நிபந்தனையோடு வரும். பிறகு அவரையே மறுபடி வரவழைக்க வேண்டும், வேலை முடிந்ததை உறுதிசெய்யும் 1004டி படிவம், தனிக் கட்டணம், அவருடைய காலண்டரில் இன்னொரு இடம். இதைத் தவிர்த்தாலே பாதி வேலை முடிந்தது.

தண்ணீரை அப்ரைசர் வரும் அன்று காலையில் திறக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். பூட்டிக் கிடந்த வீட்டில் எந்த இணைப்பு கசியும் என்று தெரியாது. இரண்டு மூன்று நாள் முன்னதாக, வீட்டுக்குள் ஒருவர் நிற்கும்போது திறந்து, சிங்க் அடி, டாய்லெட் பின்புறம், ஹீட்டர் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கேஸ் நிறுத்தியிருந்தால் பைலட் (ஹீட்டரின் சிறு சுடர்) ஏற்ற கேஸ் நிறுவனத்திடம் தனியாக நேரம் வாங்க வேண்டியிருக்கும். அதனால் அதை முதலில் பதிவு செய்யுங்கள்.

அடுத்து பெயின்ட். 1978க்கு முன் கட்டிய வீட்டில் உரிந்த பெயின்ட்டை எஃப்எச்ஏ ஈயம் கலந்ததாகவே கருதும். உரிந்த இடத்தைச் சுரண்டி, ப்ரைமர் போட்டு, மேலே பூச வேண்டும். சுவரோரம் பிளாஸ்டிக் விரித்துக்கொண்டு செய்தால்தான் சில்லுகள் மண்ணில் விழாது. விழுந்து கிடந்தால் அதுவும் அறிக்கையில் குறையாக வரும். கான்ட்ராக்டரை வைத்தால் ஈயப் பாதுகாப்புச் சான்றிதழ் உள்ளவராகப் பாருங்கள். ஜன்னலோடு நிறுத்தாமல் கராஜ், ஷெட், வேலி, கூரை விளிம்புப் பலகை எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்க வேண்டும். ஜன்னலைச் சரிசெய்துவிட்டு ஷெட்டை மறப்பவர்கள் நிறையப் பேர்.

பரண் மூடியைப் பெயின்ட் ஒட்டிப் பிடித்திருந்தால் விடுவித்து வையுங்கள். குறைந்தது தலையும் தோளும் உள்ளே போகும் அளவுக்கு அவர் பார்க்க வேண்டும். வீட்டுக்கடியில் தவழ்ந்து போகும் இடம் இருந்தால் அதற்கும் அதே விதி, அதன் கதவில் பூட்டு இருந்தால் சாவியும் வேண்டும். ஏஜென்ட்கள் ஆப் வைத்துத் திறக்கும் லாக்பாக்ஸ் (வாசலில் மாட்டும் சாவிப் பெட்டி) அப்ரைசருக்குத் திறக்காமல் போகலாம். எண் சுழற்றும் சாதாரணப் பெட்டி ஒன்றை மாட்டி, எண்ணையும் அலாரம் கோடையும் முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள்.

பதில் 3

காகிதங்களைப் பற்றி. ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களும், பின்னால் சேர்த்த திருத்தங்களும் லெண்டரிடம் போய்விட்டனவா? விலையோ விற்பவர் தரும் சலுகையோ மாறிய திருத்தம் பிறகு வந்தால் அறிக்கையைத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள்.

ஏஜென்ட் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுக்கட்டும்: கூரை, ஏசி, ஹீட்டர், ஜன்னல் மாற்றிய ஆண்டுகள், கூடுதலாகக் கட்டிய அறைக்கு பெர்மிட் எண், குடியிருப்போர் சங்கக் கட்டணம் இருந்தால் தொகை. அருகில் சமீபத்தில் விற்ற வீடுகளையும் சேர்க்கலாம். "இந்த மதிப்பு வர வேண்டும்" என்ற வரி மட்டும் இருக்கக் கூடாது.

பரப்பளவில் குழப்பம் வரும். ஆன்சி என்ற அமெரிக்கத் தர அமைப்பின் அளவு முறையில் தரைக்குக் கீழே உள்ள பகுதி, முழுதாகக் கட்டி முடித்ததாக இருந்தாலும், பேஸ்மென்ட்டாகத் தனிக் கணக்கு. லெண்டர்களிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் லோன்களுக்கு 2022 ஏப்ரல் 1 முதல் இந்த முறை கட்டாயம். மற்ற லோன்களுக்கும் இப்படி அளப்பவர்கள் உண்டு. விளம்பரத்தில் பேஸ்மென்ட்டையும் கூட்டிப் போட்டிருந்தால் ஏஜென்ட் இப்போதே பிரித்துச் சொல்லட்டும்.

கேட்டவர்

நன்றி. ஆர்டர் போய்விட்டது, யாரும் எடுக்கவில்லையாம். அவசரக் கட்டணத்துக்குச் சம்மதம் எழுதிவிட்டேன். விற்பவர் பெயின்ட்டை அப்ரைசல் முடிந்த பிறகு அடிக்கலாம் என்கிறார். மதிப்பீடே வேண்டாம் என்று லெண்டர் விலக்குத் தருவதும் உண்டாமே?

பதில் 1

அந்த விலக்கு கன்வென்ஷனல் லோனில், அதாவது அரசுக் காப்பீடு இல்லாத சாதாரணக் கடனில். எஃப்எச்ஏவில் வாங்கும்போது அப்ரைசல் வேண்டும்.

பதில் 2

பெயின்ட் பிறகு என்றால் இரண்டாம் வருகை நிச்சயம். மழையால் வேலை நின்றால் அப்ரைசர் வரும் நாளை இரண்டு நாள் தள்ளுங்கள், அதுவே லாபம். வேலை முடிந்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து ஏஜென்ட்டிடம் வாங்கிப் பாருங்கள்.

பதில் 1

அறிக்கை தயாரானதும் நகல் உங்களுக்கு உடனே வர வேண்டும், எப்படியும் க்ளோசிங்குக்கு மூன்று வேலை நாளுக்கு முன். வந்த அன்றே படுக்கையறை எண்ணிக்கை, பரப்பளவு, கட்டிய ஆண்டு மூன்றையும் சரிபாருங்கள். தவறு இருந்தால் ஆதாரத்தோடு லெண்டர் வழியாகத் திருத்தம் கேட்கலாம். நடுவில் லெண்டரை மாற்ற நேர்ந்தால் கேஸ் நம்பரோடு அப்ரைசலையும் மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள், புதிதாகத் தொடங்க வேண்டாம். இதற்கிடையில் ஒப்பந்தத்தில் அப்ரைசல் கெடு எந்தத் தேதி என்று பார்த்து, நெருங்குகிறது என்றால் நீட்டிப்பை இப்போதே இரு தரப்பும் கையெழுத்திட்டு வாங்கிவிடுங்கள்.